செவலை நாய்க்கு ஒரு பெயர்

இந்தக் கதையை நானே பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வந்து, "நீங்களே நம்பாமச் சொல்றீங்களே சார்" என்று நீங்கள் கேட்கக் கூடாது. சந்தேகம் உண்டு. ஆனால் சந்தேகம் வேறு, தப்பு வேறு. நான் தப்பு செய்தேன் என்று யாராவது சொன்னால் இந்தப் பஸ்ஸை நிறுத்தி இறங்கிச் சண்டைக்குப் போவேன். இந்த வயதிலும் போவேன்.

அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கம்பத்திலிருந்து மூன்றாவது தடவையாக ஓடுகிறது. நாய் பாய்கிற இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். பின்னால் பறையடிக்கிற மாதிரி ஒரு இசை. அந்த நாய் ஓடி வந்தது ஒரே ஒரு தடவைதான். அதை மெதுவாக்கி, பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் போட்டுப் பன்னிரண்டு தடவை பாய வைத்திருக்கிறார்கள். நீங்களும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "இந்தச் சாதி நாயையெல்லாம் பூண்டோட ஒழிக்கணும் சார்." நான் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். ஆனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பதும் நீங்கள்தான். தேனி போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கேளுங்கள்.

வருகிற திங்கட்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மேற்குப்பட்டி ஊராட்சியில் ஒரு நாய்க்குட்டி மேல் விசாரணை. சிரிக்காதீர்கள். மூன்று மாசக் குட்டி. நாட்டு நாய் இனம், கோம்பை. இன்னும் யாரையும் கடிக்கவில்லை, பால் பல்லே விழவில்லை. வளர்க்கிறவன் பெயர் தவசியாண்டி. அவன் அந்தக் குட்டியை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மனுவோடு ஆதாரமாக ஆறு பத்திரிகைச் செய்திகளை ஜெராக்ஸ் எடுத்துப் பின் போட்டிருக்கிறார்கள். பதினான்கு வருஷத்துக்கு முந்தின செய்திகள். ஆறும் ஒரே நாளில் வந்தவை.

ஆறையும் எழுதியது நான்.

அப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. நான் தாலுகா நிருபராக இருந்தவன். பகுதிநேரம். இருபத்தேழு வருஷம். எங்கள் ஊரில் ஆறு பத்திரிகைக்கு ஆறு நிருபர்கள். ஆறு பேரும் ஆறு இடத்துக்கு ஓடுவதில் அர்த்தம் இல்லை என்று எங்களுக்குள் முறை வைத்திருந்தோம். ஒருவர் போலீஸ் ஸ்டேஷன், ஒருவர் தாலுகா ஆபீஸ், ஒருவர் ஆஸ்பத்திரி, இப்படி. மாலை நான்கு மணிக்கு பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு பிரௌசிங் சென்டரில் கூடுவோம். யார் கொண்டுவந்த மேட்டரோ அதை அவர் டைப் அடிப்பார். மற்ற ஐந்து பேரும் முதல் வரியை மட்டும் முன்னே பின்னே மாற்றிப் போட்டு அவரவர் ஆபீசுக்கு அனுப்புவோம். எல்லா ஊரிலும் இருந்த வழக்கம்தான். ஜனங்களுக்குத் தெரியாது. டீக்கடையில் இரண்டு பேப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, "ரெண்டுலயும் போட்டிருக்கான்யா, அப்ப உண்மைதான்" என்பார்கள். நாங்கள் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருப்போம். எங்களில் அப்பாஸ் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விடுவான்.

தவசியை எனக்கு அதற்கு முன்பே தெரியும். செம்மறி வளர்க்கிறவன். எண்பது, தொண்ணூறு உருப்படி இருந்தன. ஊர் ஊராகப் போய் அறுப்பு முடிந்த காடுகளில் கிடை போடுவான். ராத்திரி ஆடுகள் அடைந்தால் நிலத்துக்கு எரு. காட்டுக்காரர்கள் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள். கிடைக்குக் காவல் மூன்று கோம்பை நாய்கள். செவலை உடம்பு, கருப்பு மூஞ்சி. அதில் பெட்டை ஒன்று, பெயர் செம்பி. நான் போனால் என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு என் காலடியிலேயே படுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் பொங்கலுக்கு நம் ஊர் நாய்களைப் பற்றி ஆபீசில் ஒரு முழுப் பக்கம் கேட்டார்கள். நான் தவசியிடம் போனேன். எல்லாம் நன்றாகச் சொன்னான். படம் எடுக்கும்போதுதான் தகராறு.

"தவசி, நாயைக் கொஞ்சம் பல்லைக் காட்டச் சொல்லு."

"அது எப்படி சார் சொல்றது? போட்டோ ஸ்டுடியோவுக்கா வந்திருக்கு?"

"வீரமான நாய்னு எழுதிட்டுப் பூனைக்குட்டி மாதிரி படம் போட்டா எவன் பார்ப்பான்?"

"உங்ககிட்ட அதுக்குப் பழக்கம் சார். காட்டாது."

நான் விடவில்லை. சோற்றுத் தட்டை வைத்து, அது வாய் வைக்கும் நேரம் பார்த்துக் குச்சியால் இழுத்தேன். நான்கு தடவை என்னைப் பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. ஐந்தாவது தடவை உதட்டைத் தூக்கியது. எடுத்தேன். அருமையான படம். தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாவம் சார், காலையில இருந்து அது சாப்பிடல" என்றான். ஆனால் பேப்பர் வந்தபோது அவனுக்கும் சந்தோஷம்தான். 'புலிக்கு அஞ்சாத கோம்பை' என்று தலைப்பு. புலி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். தவசி சொன்னது நரி. நான் எழுதியது சிறுத்தை. ஆபீசில் புலி ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. நான்கு ஊரிலிருந்து வந்து குட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். அப்போது யாரும் என்னிடம் வந்து, "நீ புலியைப் பார்த்தாயா" என்று கேட்கவில்லை. கவனியுங்கள். நல்லதாக எழுதினால் ஆதாரம் கேட்கிறவர் கிடையாது.

அதே வருஷம் ஐப்பசி. மேற்குப்பட்டி ரேஷன் கடையில் வேலை பார்த்த பொன்னுத்தாயை, காலையில் கடை திறக்கப் போகிற வழியில், ஒரு நாய் கடித்துவிட்டது. கையிலும் கன்னத்திலும். இருபத்து மூன்று தையல். அன்றைக்கு ஆஸ்பத்திரி முறை எனக்கு. ஆனால் என் கொழுந்தியாள் வீட்டில் புது வீடு பால் காய்ச்சு, பெரியகுளத்தில் இருந்தேன். போனில் கேட்டேன். போனில் கேட்டால் என்ன? நேரில் போனாலும் இதே காதால்தான் கேட்கப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் என் ஆள் சன்னாசி. ஓ.பி. சீட்டு எழுதுகிற வேலை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்பார். நான் அண்ணே என்பேன். விபத்து, விஷம், அடிதடி எது வந்தாலும் எனக்கு முதலில் சொல்லுவார். பத்து வருஷத்தில் ஒரு வயதைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. அவர் சொன்னார்: பொன்னுத்தாய், வயது நாற்பத்தொன்று, இருபத்து மூன்று தையல், கடித்தது கோம்பை நாய். எழுதிக்கொண்டேன். மாலையில் அப்பாஸுக்குப் போன் பண்ணி வரி வரியாகச் சொன்னேன். அவன் அடித்தான். ஆறு பேரும் அனுப்பினோம்.

தொழில் சூட்சுமம் ஒன்று சொல்கிறேன். தெருநாய் கடித்தது என்றால் ஏழாம் பக்கத்தில் மூன்று வரி. தினமும் வருவது, யார் படிப்பார்கள்? பெயருள்ள நாய் கடித்தால் முதல் பக்கம், படத்தோடு. இது நான் வைத்த சட்டம் இல்லை. நீங்கள் வைத்த சட்டம். நீங்கள் படிக்கிறதைத்தான் நாங்கள் போடுகிறோம்.

மறுநாள் பேப்பரைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். 'வெறிகொண்ட கோம்பை குதறியது: ரேஷன் கடைப் பெண் உயிருக்குப் போராட்டம்.' நான் எழுதியது கடித்தது. குதறியது நான் எழுதவில்லை. உயிருக்குப் போராட்டம் நான் எழுதவில்லை. அந்த அம்மா மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்தில் ஒரு படம். செம்பி. என் படம்தான், பொங்கலுக்கு எடுத்தது. உதட்டைத் தூக்கிக்கொண்டு. கீழே எறும்பு அளவு எழுத்தில், கோப்புப் படம். அந்தப் படத்தை நான் அனுப்பவில்லை. கோம்பை என்று தேடியிருப்பார்கள், அகப்பட்டதைப் போட்டிருப்பார்கள். சாயங்காலம் டி.வி.யில் அதே படம், சிவப்பு வட்டத்தோடு. அடுத்த வாரம் 'குதறியது' போய் 'கொலைவெறி' ஆகிவிட்டது. செத்தவர் யாரும் இல்லாமலே கொலை.

தவசி நேராக பிரௌசிங் சென்டருக்கே வந்துவிட்டான். கையில் பேப்பர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், பதினெட்டு நாளா நான் ஆண்டிபட்டிப் பக்கம் கிடையில இருக்கேன். மூணு நாயும் என்கூடத்தான் இருக்கு. காட்டுக்காரர் ராமுலு நாயக்கரக் கேளுங்க. எங்க செம்பிக்கு ரெக்கையா இருக்கு, பறந்து வந்து கடிச்சிட்டுப் போக?"

"செம்பின்னு எங்க எழுதியிருக்கு தவசி? கோம்பைன்னுதான எழுதியிருக்கு."

"மேற்குப்பட்டியில என்னைத் தவிர வேற யார்கிட்ட சார் கோம்பை இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது."

"படம்?"

"கோப்புப் படம்னு கீழ போட்டிருக்கே."

"அந்த எழுத்தப் படிக்க எம்மகன் பூதக்கண்ணாடி வச்சில்ல பாத்தான்." பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தான். "சார், மறுப்புக் கிறுப்பு எதுவும் வேணாம். கோம்பைங்கற அந்த ஒத்த வார்த்தைய எடுத்துட்டு, நாய்னு மட்டும் இன்னொரு தடவை போடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். குதறுனதாகவே இருக்கட்டும்."

நான் சொன்னேன்: "ஆறு பேப்பர்லயும் வந்திருக்கு தவசி. ஆறு பேரும் சேர்ந்தா தப்புப் பண்ணுவாங்க?"

அப்பாஸ் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதில் என்ன பொய்? ஆறிலும் வந்திருந்தது. வந்திருந்தது என்றேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. காட்டுக்காரர்கள், "ஆட்டைக் கொண்டு வா, நாயைக் கொண்டு வராதே" என்றார்கள். நாயில்லாமல் வெட்டவெளியில் கிடை போடுகிறவன் உண்டா? அவன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிக் கொல்லையில் நாய்களைக் கட்டிப்போட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போயின. பொங்கலுக்குக் குட்டி கேட்டுச் சொல்லி வைத்தவர்களே கல்லெறிந்தார்கள். நாய் கட்டிப்போட்டால் குரைக்கும். குரைத்தால், பார் வெறியை என்றார்கள். மார்கழியில் எவனோ கறியில் மருந்து வைத்துவிட்டான். இரண்டு ஆண் நாய்களும் பிழைத்துக்கொண்டன. செம்பி பிழைக்கவில்லை.

எனக்குத் தகவல் வந்தது. ஆபீசில் கேட்டேன். "எந்த நாய்?" என்றார்கள். "நாம படம் போட்டோமே, அந்த நாய்" என்றேன். "அடடே, நல்ல ஃபாலோ அப். 'கொலைவெறி நாய் பலி'ன்னு ஒரு பத்து வரி அனுப்புங்க" என்றார்கள். நான் அனுப்பவில்லை. அதையாவது கவனியுங்கள். என் முறை இல்லாத நாள், அனுப்பியிருந்தால் நான் மட்டும் போட்ட செய்தியாக இருந்திருக்கும். அனுப்பவில்லை. தவசி வீட்டுக்குப் போனேனா என்று கேட்பீர்கள். போகவில்லை. போய் என்ன சொல்வது?

அவன் ஆடுகளை விற்றுவிட்டுத் திருப்பூரில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனான். இரண்டு வருஷம் கழித்துத் திருவிழாவில் பார்த்தேன். நானே போய், "எப்படி இருக்க தவசி?" என்றேன்.

"நல்லா இருக்கேன் சார். செம்பி பாத்த வேலைய இப்ப நான் பாக்குறேன். கேட்ல நிக்கணும், வர்றவன் போறவன மொறைக்கணும். வேணும்னா சொல்லுங்க, பல்லயும் காட்டுறேன். படம் எடுத்துக்கங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

எனக்கு அதற்குள் நாய் நிபுணர் என்று பெயர் வந்துவிட்டது. எந்த ஊரில் எந்த நாய் கடித்தாலும் டி.வி.யிலிருந்து எனக்குப் போன். "அந்தக் கோம்பை கேஸ் பார்த்தவர் நீங்கதானே சார், ஒரு ரெண்டு நிமிஷம் பேசுங்க." பேசினேன். ஆபத்தான இனம், எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். ஐந்தாறு வருஷம் போனது. காற்று திரும்பியது. நம் மண்ணின் நாய், நம் பெருமை என்று அதே டி.வி.யில் நிகழ்ச்சி. அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கோம்பை எவ்வளவு விசுவாசம், பழகியவர் காலடியில் படுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அதுவும் உண்மைதானே? இரண்டு தடவையும் நான் மனதறிந்து பொய் சொல்லவில்லை. எதைக் கேட்டார்களோ அதற்குப் பதில் சொன்னேன்.

சந்தேகம் எப்போது வந்தது என்று சொல்கிறேன். பொன்னுத்தாயிடம்தான். நடந்து நான்கு வருஷம் இருக்கும். சர்க்கரை வாங்கப் போயிருந்தேன். கன்னத்துத் தழும்பு வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "நிருபர் சாருக்கு முதல்ல போடுங்கப்பா" என்று மரியாதை. வரிசையில் நின்றவர்களுக்குக் கதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

"சார்தான் பேப்பர்ல போட்டாரு. அதுக்கு முன்னாடி எனக்கு அந்த நாயோட மூஞ்சியே ஞாபகமில்ல, தெரியுமா? பின்னாடி இருந்தில்ல வந்து விழுந்துச்சு. பேப்பர்ல படத்தப் பாத்ததும் அப்படியே நெஞ்சு அடைச்சிருச்சு. அதே கருப்பு மூஞ்சி, அதே பல்லு, அப்படியே உதட்டத் தூக்கிக்கிட்டு. இப்பவும் கண்ண மூடுனா அதுதான் வருது."

சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பல் நான் சோற்றுத் தட்டை இழுத்து வரவழைத்த பல். பொங்கலுக்கு.

"ஆஸ்பத்திரியில என்ன நாய்னு சொன்னீங்க பொன்னுத்தாயி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்றது? ரத்தம் கொட்டுது. செவலையா ஒரு நாய்னு சொன்னேன். அது கோம்பைன்னு உங்க பேப்பரப் பாத்துத்தான சார் எனக்கே தெரியும்."

கோம்பையில் செவலை உண்டு, சரி. தெருவில் திரிகிற நாயில் பாதி செவலைதான். கம்பம் பஸ் ஸ்டாண்டில் நாலு செவலை நாய் படுத்திருந்ததே, பார்த்தீர்களா? பெயர் கேட்டீர்களா?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த அம்மா கோம்பை என்று சொல்லவில்லை. அப்படியென்றால் சன்னாசி சொன்னது எங்கிருந்து? அவராகச் சேர்த்துச் சொல்கிற ஆள் இல்லை. அந்தப் போன் பேச்சை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பால் காய்ச்சு வீட்டில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். பெயர் சொன்னார், வயது சொன்னார், தையல் சொன்னார். நாய் என்றார். என்ன நாய் என்று கேட்டேன். செவலை நாய் என்றார். பிறகு கோம்பை என்று பேச்சு வந்தது. பேச்சு வந்தது. அதற்கு மேல் மேளச் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது.

நான் ஏதாவது விளக்கம் கேட்டிருக்கலாம். கருப்பு மூஞ்சியா என்று கேட்டிருக்கலாம். விளக்கம் கேட்பது நிருபரின் வேலை. கேட்காமல் எழுதினால்தான் தப்பு. கேட்டதற்கு ஒருவர் ஆமாம் என்றால், அதற்குப் பெயர் தகவல். இல்லையா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, வேண்டாம், சொல்ல வேண்டாம்.

சன்னாசியை அன்றைக்கே கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரே ஊர், தினமும் பார்க்கிற ஆள். ஆனால் பத்து வருஷம் நமக்குச் செய்தி கொடுத்தவரிடம் போய், நீ சொன்னது நிஜமா என்று கேட்பது மரியாதையா? பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாறுதல் ஆனது. பிறகு ரிட்டையர் ஆனார். பிறகு அவர் நம்பர் தொலைந்தது. அப்பாஸ் ஒரு தடவை சொன்னான், "என்கிட்ட நம்பர் இருக்கு, வேணுமா?" என்று. "இருக்கட்டும்டா, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை. போன வருஷம் அப்பாஸ் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இப்போது தவசி திரும்பி வந்திருக்கிறான். மில்லில் வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அவன் தம்பி தோட்டத்தில் இருபது ஆடு, ஒரு கோம்பைக் குட்டி. ஊரே நம் மண்ணின் நாய் என்று செல்போனில் ஸ்டேட்டஸ் வைக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டில் வளர்த்தால் மனு. போன வியாழக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. முடியெல்லாம் வெளுத்துவிட்டது.

"சார், திங்கக்கெழம கூட்டம். ஆறு பேப்பரையும் நீட்டுறாங்க. என்கிட்ட நீட்ட ஒண்ணும் இல்ல. நீங்க வந்து ஒத்த வார்த்த சொன்னாப் போதும்."

"என்ன சொல்லணும்?"

"அது கோம்பைதான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியாதுன்னு சொல்லுங்க. தெரிஞ்சா, தெரியும்னே சொல்லுங்க. குட்டிய நானே கொண்டுபோய் விட்டுர்றேன்."

பாருங்கள், எப்படிப் பேசுகிறான் என்று. திட்டவும் மாட்டான். பதினான்கு வருஷம் கழித்து வந்து, உனக்குத் தெரிந்ததைச் சொல் என்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் ஆளைக் கேக்காம நான் எதுவும் சொல்ல முடியாது தவசி. தொழில்னு ஒண்ணு இருக்கு" என்றேன். "கேளுங்க சார்" என்றான். "இவ்வளவு வருஷமாக் கேக்கலியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

அதற்காகத்தான் இன்றைக்குக் கம்பம் போய்விட்டு வருகிறேன். சன்னாசி மகள் வீட்டில் இருக்கிறார். திராட்சைத் தோட்டத்தை ஒட்டி வீடு. என்னைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். "வாங்க சார், வாங்க! யாரு வந்திருக்கா பாரும்மா" என்று மகளைக் கூப்பிட்டார். காபி வந்தது. பழைய கதையெல்லாம் பேசினார். அந்தப் பஸ் கவிழ்ந்தது, அரளி விதை சாப்பிட்டுப் பிழைத்தவர், எல்லாவற்றுக்கும் வயது, தேதி, தையல் முதல் துல்லியமாகச் சொன்னார். நான் அதைக் கேட்கக் கேட்க எனக்குள் தைரியம் ஏறியது. இவ்வளவு ஞாபகம் உள்ளவர் தப்பாகச் சொல்லியிருக்கவே மாட்டார். திங்கட்கிழமை நிமிர்ந்து போகலாம். கோம்பைதான் என்று சொல்லிவிட்டு வரலாம். வேண்டுமானால் குட்டி என்ன செய்தது, அதை விட்டுவிடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம் என்று மனதுக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன்.

"மேற்குப்பட்டி ரேஷன் கடை கேஸ் ஞாபகம் இருக்காண்ணே?" என்றேன்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? கோம்பை கேஸ்! நான் குடுத்த நியூஸ்லயே அதுதான் முதல் பக்கம் வந்தது. எம்பேத்திகிட்டகூட டி.வி. பாக்கும்போது சொல்லுவேன், இதெல்லாம் தாத்தா சொல்லி வந்ததுன்னு."

"கோம்பைதானே அது? சந்தேகம் இல்லையே?"

"அதுல என்ன சார் சந்தேகம்? நாம ரெண்டு பேரும் போன்ல பேசித்தான முடிவு பண்ணோம்."

எனக்குச் சுருக்கென்றது. "முடிவு பண்ணலண்ணே. நீங்க தகவல் சொன்னீங்க, நான் எழுதிக்கிட்டேன்" என்றேன்.

"ஆமா சார், அதத்தான் சொல்றேன். நீங்க என்ன லேசுப்பட்ட ஆளா? பொங்கலுக்கு அந்த நாயப் பத்தி ஒரு பக்கம் எழுதுன ஆளு. உங்களுக்குத் தெரியாதா எது கோம்பை, எது தெருநாய்னு? நான் சீட்டு எழுதுறவன், எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, மகளிடம் எனக்கு இன்னொரு வாய் காபி கொண்டுவரச் சொன்னார்.

மரியாதையாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு நிருபர் தன் ஆளிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. இருபத்தேழு வருஷத்தில் யாரிடமும் நான் அதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை, நான் செய்ததெல்லாம் முறைப்படி செய்தது. இப்போதும் அதையே சொல்கிறேன், எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். இருந்தாலும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"சன்னாசிண்ணே, அன்னிக்கு நான் அந்தப் பேரச் சொல்லாம இருந்திருந்தா, நீங்க என்ன நாய்னு சொல்லியிருப்பீங்க?"